பதினேழாவது சரி

என்ன, குரல் வரும்னுதானே உக்காந்திருக்கீங்க? தெரியும். முதல்ல ஒரு அரசியல்வாதி, அப்புறம் ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிற அந்தம்மா, நடுவுல ஒரு குக்கர் விசில், கடைசியில குழந்தை அழுகை, கைதட்டு, வீட்டுக்குப் போயிடலாம். இன்னைக்கு அதெல்லாம் கிடையாது. இன்னைக்கு ஐட்டம் என்னன்னா, நாப்பத்தொம்பது வயசுல இன்னாசிமுத்துன்னு ஒருத்தன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, திருச்சி தில்லை நகர்ல ஒரு தையல் கிளாஸ் மாடியில, துணி வெட்டுற மேசை முன்னாடி, ஒரு சாண் உசரக் கோபுரத்தைக் கையில வெச்சுக்கிட்டு, அத எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்கிறான். அவ்வளவுதான். சிரிப்பு வரலையா? வராது. எழுந்து போறவங்க போலாம், டிக்கெட்டா எடுத்தீங்க? என் மண்டைக்குள்ள எப்பவும் ஒரு நாலு வரிசை பிளாஸ்டிக் சேர் கிடக்கும். இருபத்தஞ்சு வருஷம் திருவிழாவுலயும் கல்யாண ரிசப்ஷன்லயும் மைக்கப் பிடிச்சு மிமிக்ரி பண்ணினதுல வந்த வியாதி. பல்லு வெளக்கும்போதுகூட யாரோ கேட்டுக்கிட்டிருக்காங்கன்னு ஒரு நெனப்பு. இப்பவும் அந்த சேருங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன், வாய் அசையலை. "அண்ணே, பத்து நிமிஷம் ஓடுது"ன்னு நிஜாம் செல்போனை மேசை ஓரத்துல நிமித்தி வைக்கிறான். கண்ணாடிக் கடையில வேலை பாக்கிற பய, இன்னைக்கு ஆட்டத்துல எங்க எதிராளி. ஆட்டச் சட்டப்படி கோபுரத்தை வைக்க மூணு நிமிஷம்தான். என் கூட்டாளி வைரவனுக்காக அவன் பத்தாக்கிட்டான். அதை அவன் சொல்லிக்காட்டலை, நாங்களும் நன்றி சொல்லலை. வைரவன் என் பக்கத்து சேர்ல உக்காந்திருக்கான். அவன் வலது கை மடியில கிடக்குது, பஸ்ல யாரோ மறந்து வெச்சுட்டு இறங்கிப்போன பை மாதிரி.

புதுசா வந்தவங்க முழிக்காதீங்க, சொல்லிடறேன். விரல் உசரப் பொம்மைங்க, ரெண்டு படை, நடுவுல மூணு கிணறு. கிணறுன்னா சட்டைப் பட்டன், இந்தத் தையல் கிளாஸ் நடத்துற கோமதி டீச்சரோட டப்பாவுல இருந்து எடுத்தது. பகடை உருட்டி, டீச்சரோட டேப்பால அளந்து அளந்து ஆளுங்களை நகத்தணும். அஞ்சு சுத்து முடியறப்ப எவன்கிட்ட ரெண்டு கிணறு இருக்கோ அவன் ஜெயிச்சான். இதுல ஒவ்வொரு படைக்கும் அதுக்குன்னே ஒரு கட்டடம் உண்டு, வேற படைக்கு அது உதவாது. புஸ்தகத்துல அதுக்குப் பெரிய பேரெல்லாம் இருக்கு, நாங்க வெச்ச பேரு சொந்த வீடு. நிஜாமோடது கழுகுப் படை, அவனோட சொந்த வீடு ஒரு மொட்டை மரம். எங்களுது உப்பளத்தார், எங்க வீடு இந்த உப்புக் கோபுரம். சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நம்ம பாதியில எங்க வேணா வெக்கலாம். வெச்சா வெச்சதுதான், நகராது. அதச் சுத்தி ஒரு அடிக்குள்ள நிக்கிற நம்மாளுக்குப் பயம் கிடையாது, எவன் அடிச்சாலும் ஓட மாட்டான். சுத்துக்கு ஒரு செத்தவன் எழுந்து நிப்பான். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. ஆனா பாருங்க, பயம் இல்லாதவன் நகரவும் மாட்டான். ஒரு அடிக்கு வெளிய போனா பயம் வந்துடும்னு அங்கயே சுத்திச் சுத்தி நிப்பான், நாமதான் அவனை நிக்க வைப்போம், அந்தப் பக்கம் கிணறு போயிக்கிட்டே இருக்கும். சரி, பின்னாடி இடது மூலையில வெச்சா? பத்திரம். எவனும் வர மாட்டான், நாமளும் எங்கயும் போக மாட்டோம். மூலையில இருந்து நடுக் கிணறு ரெண்டேகால் அடி, அளந்துட்டேன், மூணு தடவை அளந்துட்டேன். முன்னாடி, நடுக் கிணத்துக்குப் பக்கத்துலயே வெச்சா? கிணறும் வீட்டோட நிழலுக்குள்ள வந்துடும், அங்க நிக்கிறவனை அசைக்க முடியாது. ஆனா கழுகு பறக்கும். நம்ம வரிசையைத் தாண்டி வந்து, நம்மள விட ஒரு ஆள் கூடுதலா வீட்டைச் சுத்தி நின்னுட்டான்னா வீடு வேலை செய்யாது. அதுக்கு எங்க கிளப்புல ஒரு வார்த்தை இருந்துச்சு. வீடு ஊமையாயிடுச்சும்போம். "மாப்ள, உன் வீடு ஊமை, எடு பகடையை." நாலு மாசமா அந்த வார்த்தையை எவனும் சொல்றதில்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணலை. போன வாரம் நிஜாமுக்கு அது வாய் வரைக்கும் வந்துடுச்சு. "அண்ணே, உங்க வீடு ஊ..." அப்புறம் இருமினான். பாவம், அவனுக்கு இருமத் தெரியலை, நானா இருந்தா கண்ணுல தண்ணி வர வெச்சிருப்பேன்.

கோபுரம் கையில வேர்க்குது. நிஜமா வேர்க்குது, வேதாரண்யம் கல் உப்பைப் பசை வெச்சு ஒட்டினது, காத்துல கொஞ்சம் ஈரம் இருந்தாப் போதும், கசிய ஆரம்பிச்சுடும். வைரவன் கையால பண்ணினது, பொன்மலை ஒர்க்‌ஷாப்ல ரயில் பெட்டிக்கு அடிச்சட்டம் பழுது பாக்கிறவன், வீட்டுல உக்காந்து குழாய் ஓட்டை அடைக்கிற பசையையும் பழைய லாந்தர் கண்ணாடியையும் வெச்சு இதைக் கட்டினான். பெயின்ட் அடிச்சுக்கலாமேடான்னு கேட்டேன். "ம்ஹ்க்கும். உப்புன்னா உப்பா இருக்கணும்டா, என்ன?" அதான் அவன் குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாடியும் ஒரு கனைப்பு, பின்னாடி ஒரு என்ன. நடுவுல தேவகோட்டை இழுப்பு. நான் பிடிச்ச குரல்லயே சுத்தமான குரல் அதுதான், அவன் பொண்டாட்டி உமையாளையே போன்ல ரெண்டு தடவை ஏமாத்தியிருக்கேன், அவன்தான்னு நம்பிக் கத்தரிக்காய் வாங்கி வெச்சுட்டு என்னைத் திட்டினா. இப்ப அந்தக் குரல் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை இருக்கு. சரி. நாலு மாசம் முன்னாடி மூளையில ரத்தம் அடைச்சதுல மத்ததெல்லாம் போயி அது ஒண்ணு தங்கிடுச்சு. தண்ணி வேணும்னாலும் சரி, வேணாம்னாலும் சரி, ஃபேன் போடுன்னாலும் சரி, கோவம் வந்தாலும் சரி சரி சரி. உள்ள எல்லாம் முழுசாத்தான் இருக்கு, வெளிய வர்ற வழியிலதான் அடைப்புன்னு பேச்சுப் பயிற்சி குடுக்கிற பொண்ணு சொல்லுது. "அங்கிள், அவரு தேடுற வரைக்கும் நீங்க பேசாம இருக்கணும். மனசுக்குள்ள பத்து எண்ணுங்க." பத்தா? எம்மா, ஒரு ஜோக்குக்கு ஒண்ணரை செகண்டு, அதுக்கு மேல போனா மேடை செத்துடும். நான் மூணு வரைக்கும் எண்ணிப் பாத்தேன். நாலாவதுல என் தொண்டை தானாக் கனைச்சுடுச்சு, ம்ஹ்க்கும், வைரவன் பேசிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாருக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. அப்படித்தான் ஆரம்பிச்சது. இப்ப ஞாயித்துக்கிழமைன்னா நான்தான் அவன் வாய். உமையாள் மூணு மணிக்குக் கொண்டாந்து விடுவா, ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவா. இன்னைக்குப் படியேறி விட்டுட்டு, என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அண்ணே, எங்கண்ணன் ஊருக்கே வந்துடுங்கங்குறாரு. தேவகோட்டையில வீடு சும்மாதான கிடக்கு. நாந்தான், ஞாயித்துக்கிழமை அவரு ஆடுறாரு, அது போயிடும்னு இழுத்துக்கிட்டிருக்கேன். நெசமாச் சொல்லுங்க, அவருதான் ஆடுறாரா? இல்ல சும்மா உக்காந்திருக்காரா?"ன்னு கேட்டா. ஆறு மணிக்குச் சொல்றேன் தங்கச்சின்னேன். இன்னைக்கு அவனே எடம் காட்டி, அவனே ஆடணும், அவ்வளவுதான். அவன் ஆடினா அவன் திருச்சியில இருப்பான். ஆடலைன்னா பெட்டி கட்டிடுவாங்க. கேட்டப்ப எனக்குப் பதறியிருக்கணும். பதறலை. பல்லு பிடுங்குறதுக்கு ஊசி போடுவாங்களே, கன்னத்தைக் கிள்ளினா வேற யார் கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி நெஞ்சு முழுக்க.

ஆறு நிமிஷம் இருக்கு. மூலை, இல்ல முன்னாடி. இன்னொண்ணும் உண்டு, வைக்காமலே ஆடுறது. வைரவன் அதைத்தான் கடைசிக் கடைசியாச் சொல்லிக்கிட்டிருந்தான். அவன் வாய் போன அன்னைக்கும் இதே மேசை, இதே பச்சைத் துணி, டீச்சர் ரவிக்கைக்கு அளவு போட்ட சாக்பீஸ் கோடு அப்படியே கிடந்துச்சு. அவன் நின்னுக்கிட்டு கிளாஸ் எடுத்தான். "ம்ஹ்க்கும். இந்த வீட்டால எத்தனை ஆட்டம் ஜெயிச்சோம்னு எண்ணிப் பாருடா. ஒண்ணுகூடக் கிடையாது. தோக்காம இழுத்தோம், அது வேற. அது பக்கத்துல நிக்கிறவன் சாகறதும் இல்லை, ஜெயிக்கிறதும் இல்லை. கழுகுப் படைகூட ஆடும்போது இது நமக்குப் பாரம். வீட்டை எடுத்துட்டு ஆளுங்களைக் கிணத்துக்கு ஓட விடு, பயந்தா பயப்படட்டும், என்..." அந்த 'என்ன'வுல நாக்கு சறுக்கிச்சு. என்ழ்ழன்னு வந்துச்சு. மணி நாலு இருபது, சுவத்துல பாத்தேன், எனக்கு டைமிங் முக்கியம். அவன் மறுபடியும், "வீழ்... வீழ்ழ..." நான் விட்ட இடைவெளி அரை செகண்டு. "வீழ்ழ வழ்ழ வைழவன், என்ழ?" அதே சறுக்கல், அதே நாக்கு, உதடு ஒரு பக்கம் இறங்கினதுகூட அப்படியே. நிஜாம் டீயைத் துப்பிட்டான். வைரவனும் சிரிச்சான், வாயில ஒரு பாதி சிரிச்சது. நான் அதையும் பிடிச்சேன், ஒரு பாதி சிரிச்சுக் காட்டினேன். வாழ்க்கையில நான் பண்ணினதுலயே அதுதான் சுத்தம். மேடையில பண்ணியிருந்தா விசில் பறந்திருக்கும். அவன் உக்காந்தான், ஆட்டம் போச்சு, அவன் பேசலை, கோவிச்சுக்கிட்டான்னு நெனச்சோம், நான் இன்னும் ரெண்டு தடவை வீழ்ழன்னேன். அஞ்சு மணிக்குப் பகடை அவன் கையில இருந்து விழுந்து மேசைக்கு அடியில உருண்டுச்சு, அவன் குனியலை. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு. அஞ்சுன்னேன். இப்பதான் சார், அஞ்சு மணிக்கு. நாப்பது நிமிஷத்தை முழுங்கிட்டேன். அதுல என்ன வித்தியாசம் வந்திருக்கும்னு அப்புறம் யாரையும் கேக்கலை. கேட்டா யாராவது பதில் சொல்லிடுவாங்க. நிஜாமுக்குத் தெரியும். அதான் அவன் டேப்பையே பாத்துக்கிட்டிருக்கான். வைரவனுக்கும் தெரியும். அவன் உள்ள எல்லாம் முழுசா இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுதே, அப்ப அந்த நாலு இருபதும் முழுசா இருக்கும்ல. சேருங்கல்ல யாரோ எழுந்து போறாங்க. போங்க. ஒரு அடிக்குள்ள நின்னா பயம் கிடையாது. ஒரு அடிக்குள்ளயே நில்லு இன்னாசி. மூலையில வெச்சுடலாம்.

"அண்ணே, நாலு நிமிஷம்." "தெரியுது பாய், நீ உன் மரத்தைப் பாரு." நான் வைரவன் முகத்துக்கு நேரா குனியறேன். "மாப்ள, எங்கடா வைக்கட்டும்? மூலையிலயா?" ஒண்ணு, ரெண்டு. அவன் வாய் திறக்குது. மூணு. நாக்கு அந்தப் பக்கமா போயி எதையோ முட்டுது. "ச... சரி." இடது கை எழுந்து கோபுரத்தைத் தொட்டுத் தள்ளுது, மெதுவா, மேசைக்கு வெளிய, என் வயித்துப் பக்கமா. உப்பு சட்டையில ஒட்டுது. எனக்குள்ள கனைக்குது, நிறுத்த முடியலை. "ம்ஹ்க்கும். மூலையிலயே வைடா இன்னாசி, பத்திரமா இருக்கட்டும், என்ன?" நிஜாம் சிரிக்கலாமா வேணாமான்னு பாத்துட்டு லேசா சிரிக்கிறான். வைரவன் கண்ணை மூடிக்கிறான். "சரி. சரி. சரி." பாத்தீங்களா, சரிங்குறான். அவனேதான் சொல்றான். ஆறு மணிக்கு உமையாள்கிட்ட சொல்லிடுவேன், அவருதான் எடம் சொன்னாரு, நான் கை மட்டும்தான்னு. சரிங்குற வார்த்தையைப் பத்தி என்கிட்ட யாரும் பேசக் கூடாது. இருபது வருஷமா என் பெரிய ஐட்டமே அதுதான், ஒரே வார்த்தை பதினாறு சரி. பொண்ணு பாக்க வந்து பிடிக்காமப் போற மாப்பிள்ளை அப்பாவோட சரி. பேங்குல பேனாவை மூடிக்கிட்டே சொல்ற சரி. பொண்டாட்டி சொல்ற சரி, அதுக்கு மட்டும் கைதட்டு அரை நிமிஷம் வரும். சண்டைக்குக் கூப்பிடுற சரி, தூக்கத்துல சொல்ற சரி, போன் வைக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவை அடுக்குற சரி, ஆஸ்பத்திரி வராந்தாவுல டாக்டர் சொல்லி முடிச்சப்புறம் சொல்ற சரி. ச-வுல எவ்வளவு காத்து, ரி-யில எவ்வளவு இறக்கம், கண்ணைக் கட்டிட்டு விட்டாலும் சொல்லிடுவேன் யாரு எதுக்குச் சொன்னாங்கன்னு. இவன் சொல்றது அந்தப் பதினாறுல இல்லை. ச-வைக் கடிச்சுத் துப்புறான், ரி மேல ஏறி உடையுது. இது யாரோட சரின்னு நான் இன்னும் ஆள் வைக்கலை. வைக்கவும் மாட்டேன். பதினேழாவது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான், எல்லாக் கலைஞனுக்கும் தெரியாதது ஒண்ணு இருக்கும்.

மூலையில வைக்கிறதுக்காகக் கையை நீட்டுறேன், அந்த மூலையில ஒரு நிழல். கோமதி டீச்சர். பக்கத்து ரூம்ல இருந்து டேப்பு எடுக்க வந்திருக்காங்க போல, எப்ப வந்தாங்கன்னு தெரியலை, வாயில ரெண்டு குண்டூசி, கழுத்துல தச்சு முடிக்காத ஒரு காலர். இந்த ஆட்டம் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பட்டன் எடுத்தா திருப்பி வைங்கன்னு சொல்றதோட சரி. "டேப்புதானே டீச்சர்? ஒரு நிமிஷம். பெரியவரு எடம் சொல்லிட்டாரு, அளந்து வெச்சுட்டுத் தந்துடறேன்." கோபுரத்தை மூலையில வைக்கிறேன். வைரவன் இடது கையால சேரோட கைப்பிடியைத் தட்டுறான். "சரி. சரி!" "ம்ஹ்க்கும். பாத்தீங்களா டீச்சர், நல்ல எடம்டாங்குறேன், என்ன?" "சரி!" கைப்பிடி அதிருது. நிஜாம் எழுந்து நிக்கிறான், "அண்ணே, விடுங்கண்ணே"ன்னு என்னவோ ஆரம்பிச்சு டேப்பைச் சுருட்டுறான், அளக்கவே இல்லை, சுருட்டுறான். போன்ல இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. எனக்குக் கனைக்க வருது. கோமதி டீச்சர் வாயில இருந்து குண்டூசியை ஒண்ணொண்ணா எடுத்துக் காலர்ல குத்துறாங்க. என்னைப் பாக்கலை, அவனையே பாக்குறாங்க. அப்புறம் யாரோ தடுக்கிறதுக்குள்ள சொல்லிடணும்ங்கிற மாதிரி ஒரே மூச்சுல, "சார், அவரு எடம் ஒண்ணும் சொல்லலை. அவரு மாதிரி பேசாதீங்கன்னு உங்களைக் கும்பிட்டுக் கேக்குறாரு. மூணு மாசமா இதைத்தான் கேக்குறாரு. அந்த ரூம்ல ஏழு மெஷின் ஓடுது, அந்தச் சத்தத்துல எனக்கே கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"